மருந்து பிடிக்க வேண்டுமானால் வயிற்றைக் கவனியுங்கள்: பார்க்கின்சன் நோயாளியை வீட்டில் பார்ப்பவர்களுக்கு

என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று 2016 இல் கண்டுபிடித்தார்கள். அப்போது அவருக்கு 66 வயது. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் 31 வருடம் கணிதம் படிப்பித்தவள். கை நடுங்குவதைப் பற்றி, நடை சுருங்குவதைப் பற்றி, கையெழுத்துச் சிறுத்துப்போவதைப் பற்றியெல்லாம் எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். வயிற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. குளிசை வேலை செய்யவில்லை, அளவு போதவில்லை என்று நாங்கள் அலைந்த இரண்டு வருடமும், விழுங்கிய குளிசை வயிற்றைத் தாண்டாமலே கிடந்திருக்கிறது. அது பிறகுதான் விளங்கியது.

கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியிலேயே இதே நோயுடன் இன்னொருவர் இருக்கிறார். எதிர் ஒழுங்கையில் ஒருவர். "ரீச்சர், அப்பாவுக்கு மருந்து பிடிக்கவில்லை" என்று அவர்களுடைய மகள்மார் வந்து கேட்கும்போது நான் திருப்பிக் கேட்கும் முதற்கேள்வி: "அப்பா கடைசியாக மலம் கழித்தது எப்போது?" பதில் பெரும்பாலும் வருவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகவும் அவர்களைப் போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மருந்து பிடிப்பது என்று நான் சொல்வது, குளிசை விழுங்கியபின் கை இளகிக் கால் எடுத்துவைக்க வரும் அந்த வேளையை.

அளவைக் கூட்டுவது, குறைப்பது, மருந்தை மாற்றுவது எல்லாம் உங்கள் நரம்பியல் வைத்தியரின் வேலை. நேரம், சாப்பாடு, மலசலகூடம், மருந்துச் சீட்டை வாசிப்பது ஆகிய நான்கும் வீட்டில் இருப்பவர்களின் வேலை. நான் சொல்லப்போவது அந்த நான்கைப் பற்றித்தான்.

மூளையில் ஒரு வேலை, குடலில் வேறு வேலை

இந்த நோயில் குறைந்துபோவது, நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமின் என்ற பொருள். டோபமின் என்றதும் எல்லோரும் மூளையை நினைக்கிறார்கள். அங்கே அது உடலை அசையச் செய்கிறது. அது குறைந்தால் உடல் இறுகிவிடுகிறது. ஆனால் உடலில் உண்டாகும் டோபமினில் ஏறத்தாழப் பாதி வயிற்றிலும் குடலிலும் அவற்றைச் சார்ந்த உறுப்புகளிலும் உண்டாவதாக 1997 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குடலில் அதன் வேலை வேறு. இரைப்பையைப் பிசைந்து உணவைக் கீழே தள்ளும்படி தசைக்குச் சொல்லும் பொருள் அசிற்றைல்கோலின். நரம்பு முனையில் டி2 என்ற வாங்கி இருக்கிறது. அதில் டோபமின் ஒட்டினால் அசிற்றைல்கோலின் சுரப்பது குறைகிறது. இரைப்பை சோம்பிவிடுகிறது. மூளையில் காலை எடுத்துவைக்கச் சொல்லும் அதே பொருள், வயிற்றில் பிரேக் பிடிக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, உங்களுக்கும் வரும். பார்க்கின்சனில் டோபமின் குறைவு என்றால், பிரேக் தளர்ந்து குடல் வேகமாக அல்லவா ஓட வேண்டும்? ஏன் பெரும்பாலானோருக்கு மலச்சிக்கல்?

காரணங்கள் இரண்டு. நோய் மூளையோடு நிற்பதில்லை. அல்பா சினுக்ளின் என்ற புரதம் பிறழ்ந்து திரண்டு, குடற்சுவரின் நரம்புகளிலும், மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பு தொடங்கும் இடத்திலும் படிகிறது. அதனால் குடலை ஓட்டும் நரம்புகளே நலிந்துபோகின்றன. சிலரில் நோய் குடலில் தொடங்கி மேலே ஏறுகிறதோ என்ற கருத்தை ஜெர்மனியின் பிராக் குழுவினர் 2003 இல் முன்வைத்தார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. இரண்டாவது காரணம் நாம் கொடுக்கும் குளிசை. அதிலுள்ள லெவோடோபா மூளைக்குப் போய் டோபமினாக மாறவேண்டிய மருந்து. அது போகும் வழியில் குடலிலேயே ஓரளவு டோபமினாக மாறி, அங்கே அந்த பிரேக்கை மேலும் அழுத்துகிறது.

இந்த நோய்க்குத் தன் பெயரைத் தந்த லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817 இல் எழுதியபோதே நோயாளிகளின் குடல் மந்தமாகி வலுவான பேதி மருந்து தேவைப்படுவதைக் குறித்துவைத்திருக்கிறார். நடுக்கம் தொடங்குவதற்குப் பத்து, இருபது வருடம் முன்பே மலச்சிக்கல் வரலாம் என்பது இன்று நன்கு தெரிந்த விடயம். என் கணவர் 2005 அளவிலேயே வாரத்தில் மூன்று நாள்தான் மலம் கழித்தார். நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் வேலை, பஸ்ஸில் நெருக்கடி, தண்ணீர் குடிக்க மறப்பது என்று காரணம் சொல்லிக்கொண்டோம். மலச்சிக்கல் உள்ள எல்லோருக்கும் பார்க்கின்சன் வரும் என்று யாரும் பயந்துவிட வேண்டாம், பெரும்பாலானோருக்கு வராது. அந்த நோய் வந்தவரிடம் மலச்சிக்கலும் நோயின் ஒரு பகுதிதான் என்பதையே சொல்கிறேன். ஆகவே "வயதானால் அப்படித்தான்" என்று அதைத் தள்ளிவிடக் கூடாது.

குளிசை போகும் பாதையையும் ஒருமுறை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை. இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் மேற்பகுதிக்குப் போனபின்தான் இரத்தத்தில் ஏறும். இரைப்பை ஒரு மணித்தியாலம் தாமதித்தால் குளிசையும் ஒரு மணித்தியாலம் தாமதிக்கும். அவ்வளவு நேரமும் அது வழியிலேயே சிதைந்துகொண்டிருக்கும். குடலில் வாழும் என்டரோகோக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற நுண்ணுயிர்கூட லெவோடோபாவை உடைத்து டோபமினாக்குகிறது என்று 2019 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாண்டியபின்னும் இன்னொரு நெருக்கடி உண்டு. புரத உணவு செரித்து வரும் அமினோ அமிலங்கள் சிலவும் லெவோடோபாவும் ஒரே வாசலால்தான் உள்ளே போக வேண்டும். குடற்சுவரில் ஒரு வாசல், மூளையின் எல்லையில் இன்னொரு வாசல். இரண்டிலும் கூட்டம் கூடினால் மருந்து வெளியே நிற்கும்.

முதலில் ஒரு கொப்பி

80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி ஐந்து நிரல் கோடு போடுங்கள். குளிசை விழுங்கிய நேரம், மருந்து பிடித்த நேரம், விட்ட நேரம், என்ன சாப்பிட்டார், எப்போது, மலம் போனதா, எப்படி. இரண்டு வாரம் தவறாமல் எழுதுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள்.

எங்கள் கொப்பியில் முதல் இரண்டு வாரத்திலேயே கணக்குத் தெரிந்துவிட்டது. காலை இடியப்பமும் சொதியும் சாப்பிட்ட நாட்களில் 10.30 மணிக் குளிசை சுமார் 35 நிமிடத்தில் பிடித்தது. அவித்த முட்டையும் கடலையும் பெரிய கோப்பை பாலும் எடுத்த நாட்களில் 80 நிமிடம், சில நாள் பிடிக்கவேயில்லை. மூன்று நாள் மலம் போகாமல் இருந்த காலத்தில் எல்லாக் குளிசையும் பிந்தின. அந்தப் பக்கங்களைக் கொண்டுபோய்க் கிளினிக்கில் காட்டியபோது வைத்தியர் அளவைக் கூட்டவில்லை. நேரத்தை மாற்றினார், மலச்சிக்கலுக்கு மருந்து எழுதினார். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் ஒவ்வொரு முறையும் நாங்கள் "பரவாயில்லை டொக்டர், கொஞ்சம் குறைவு" என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். கிளினிக்கில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்த நிமிடங்களில் பேச வேண்டியது கொப்பிதான்.

நேரமும் சாப்பாடும்

பொதுவான விதி: லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் அல்லது சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள். நாங்கள் காலை 6.00, 10.30, பிற்பகல் 3.00, இரவு 7.30 என்று வைத்திருக்கிறோம். காலைச் சாப்பாடு 7 மணிக்கு, மதியம் 12.30 க்கு, இரவுச் சாப்பாடு 8.15 க்கு. உங்களுக்கு வைத்தியர் தரும் நேரம் வேறாக இருக்கலாம். சாப்பாட்டை அந்த நேரத்தைச் சுற்றி அமையுங்கள்.

குளிசையை ஒரு முழுக் குவளைத் தண்ணீருடன், நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுங்கள். படுக்கையில் சாய்ந்தபடி ஒரு மிடறுடன் விழுங்கினால் அது தொண்டையிலேயே நின்றுவிடும். விழுங்கக் கஷ்டப்படுபவர்களுக்கு ஒரு கரண்டி மசித்த பப்பாசிப் பழத்துடன் கொடுக்கலாம். பாலுடனோ தயிருடனோ வேண்டாம். ஆரம்பத்தில் வெறும் வயிற்றில் குமட்டினால் ஓர் உப்புப் பிஸ்கட்டும் வெறுந்தேநீரும் போதும். மெதுவாகக் கரையும் வகைக் குளிசையை ஒருபோதும் நசுக்கக் கூடாது. இரும்புச்சத்துக் குளிசை லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணித்தியாலம் விடுங்கள்.

நோய் தொடங்கிச் சில வருடம் வரை பலருக்குப் புரதம் ஒரு பிரச்சினையாகவே இராது. கொப்பியில் வித்தியாசம் தெரிந்தால் மட்டும், பகலில் புரதத்தைக் குறைத்து இரவுக்கு நகர்த்துங்கள். எங்கள் வீட்டில் பகலில் இடியப்பம், பிட்டு, பாண், சிவப்பரிசிச் சோறு, மரக்கறி, கீரை. மீன், முட்டை, பருப்பு, தயிர் எல்லாம் இரவில். அடர்த்தியான தேங்காய்ப்பால் கறியும் பொரியலும் இரைப்பையை இன்னும் தாமதப்படுத்தும். அவற்றைக் குளிசை நேரத்துக்குக் கிட்ட வைப்பதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணித்தியாலமாவது உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் படுக்கவேண்டும்.

நகர்த்துங்கள் என்றேன், குறைக்கச் சொல்லவில்லை. நான் இதில் தவறு செய்தேன். மருந்து நன்றாகப் பிடிக்கிறதே என்று மீனையும் பருப்பையும் கைவிட்டேன். மூன்று மாதத்தில் இவர் நான்கு கிலோ மெலிந்துவிட்டார், தொடைத் தசை கரைந்தது, ஒருநாள் குளியலறையில் விழுந்தார். வயதானவருக்கு நிறையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் புரதம் நாளொன்றுக்கு வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை நிறை பாருங்கள். அந்த எண்ணும் கொப்பியில் இருக்கட்டும்.

மலம்

இதைப் பற்றிப் பேச எங்கள் ஆட்களுக்கு வெட்கம். இவர் என்னிடமே மறைத்தார். மலம் போகவில்லை என்றால் மருந்தும் போகாது என்பதைக் கொப்பியைக் காட்டி விளக்கியபின்தான் சொல்லத் தொடங்கினார்.

முதலில் தண்ணீர். பார்க்கின்சன் உள்ளவர்கள் பலருக்குத் தாகம் தெரிவதில்லை. கேட்டால்தான் குடிப்பேன் என்று இருப்பார்கள், அல்லது அடிக்கடி சிறுநீர் கழிக்க எழும்ப வேண்டும் என்று பயந்து குடிக்கமாட்டார்கள். கொழும்பு வெக்கையில் அது மிகவும் கெடுதல். இருதய, சிறுநீரக நோய் இல்லாதவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றராவது வேண்டும். நான் காலையில் முக்கால் லீற்றர் போத்தல் இரண்டை நிரப்பிவைக்கிறேன். மாலை ஆறு மணிக்குள் இரண்டும் வெறுமையாக வேண்டும். ஆறுக்குப் பிறகு குறைத்துக்கொள்கிறேன், இரவில் எழும்பி விழக்கூடாது என்பதற்காக.

பிறகு நார்ச்சத்து. சிவப்பரிசி, குரக்கன் பிட்டு, வல்லாரைச் சம்பல், முருங்கையிலை, பூசணி, பப்பாசி. காலையில் இலைக்கஞ்சி மிகவும் நல்லது. ஆனால் தண்ணீர் குடிக்காதவருக்கு நார்ச்சத்தையும் இசப்கோலையும் மட்டும் கூட்டினால் உள்ளே களிமண்போல் இறுகிவிடும். தண்ணீரைச் சரிசெய்தபின் நாரைக் கூட்டுங்கள்.

நேரமும் இருக்கையும் முக்கியம். சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் பெருங்குடல் தானாக அசையும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அது பலமாக இருக்கும். எங்கள் ஒழுங்கில் 6 மணிக் குளிசை 7 மணிக்குள் பிடித்துவிடுவதால், 7.30 க்கு மலசலகூடத்துக்குப் போவது வழக்கமாகிவிட்டது. மருந்து பிடித்திருக்கும் வேளையாகப் பார்த்து அனுப்புங்கள். இந்த நோயில், முக்கும்போது தளரவேண்டிய தசை எதிர்மாறாக இறுகிவிடுவதுண்டு. மருந்து விட்ட வேளையில் அது இன்னும் மோசம். கொமட்டில் உட்கார்ந்தால் கால் தொங்குகிறது. பாதத்துக்குக் கீழே ஓர் அடி உயரத்துக்குச் சற்றுக் குறைந்த மரக்கட்டை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து இருக்கும்படி, சற்று முன்னே சாய்ந்து இருக்கச் சொல்லுங்கள். நாங்கள் பழைய தேங்காய் துருவும் பலகையின் அலகைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டையையே வைத்திருக்கிறோம். பத்து நிமிடத்துக்கு மேல் முக்கவிடாதீர்கள். எழும்பும்போது தலைசுற்றலாம், சுவரில் ஒரு கைப்பிடி பூட்டுங்கள்.

நடை எல்லாவற்றுக்கும் உதவும். நாங்கள் மாலையில் மரைன் டிரைவ் வழியே, மருந்து பிடித்திருக்கும் வேளையில், இருபது நிமிடம் நடக்கிறோம்.

இவ்வளவும் செய்தும் போதாமல் இருக்கலாம். எங்களுக்குப் போதவில்லை. மக்ரோகோல் தூள் அல்லது லக்டுலோஸ் பாணி தினமும் எடுக்கலாம். அதை வைத்தியரிடம் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். "பழகிவிடும், வேண்டாம்" என்று சொல்லும் உறவினருக்காக நிறுத்தாதீர்கள். மலத்தை இளக்கும் மருந்தை நிறுத்தி லெவோடோபாவைக் கூட்டிக்கொண்டே போவது கொடுமை. அதோடு, வேறு எந்த மருந்து குடலை அடைக்கிறது என்றும் பாருங்கள். நடுக்கத்துக்குக் கொடுக்கும் பென்செக்சோல், வலிக்குக் கொடுக்கும் கொடீனும் டிரமடோலும், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், இரும்பு, கல்சியம், அலுமினியம் சேர்ந்த அமிலநீக்கி ஆகிய யாவும் அடைக்கும்.

மூன்று நாள் போகவில்லை என்றால் வைத்தியரை அழையுங்கள். பல நாள் அடைத்திருந்தவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அதை வயிற்றோட்டம் என்று நினைத்து நிறுத்தும் மருந்து கொடுக்காதீர்கள். உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றி வழிவதாக இருக்கலாம். வயிறு உப்பி, வலித்து, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் அன்றே வைத்தியசாலை. குடல் முறுகிக்கொள்ளும் ஆபத்து இந்த நோயில் உண்டு. 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வாந்திக்குக் கொடுக்கும் மருந்து

வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இந்தப் பகுதியை வாசியுங்கள்.

2019 இல் ஒரு மாலை இவருக்கு வாந்தி. காலி வீதியில் இருந்த ஒரு சிறிய கிளினிக்குக்கு ஓட்டோவில் கொண்டுபோனேன். ஓர் ஊசி போட்டார்கள், வாந்தி நின்றது, நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம். இரவு பதினொரு மணிக்கு இவரால் படுக்கையில் புரள முடியவில்லை. தாடை இறுகியது, பேச்சு வரவில்லை, கண் மட்டும் என்னைப் பார்த்தது. பக்கவாதம் என்றே நினைத்தேன். மறுநாள் நரம்பியல் வைத்தியர் ஊசியின் பெயரைக் கேட்டார். சீட்டில் மெட்டோக்ளோப்ரமைட் என்று இருந்தது. இவர் பழைய நிலைக்கு வர மூன்று நாள் சென்றது. அந்த மூன்று நாளும் நான் கரண்டியால் கஞ்சி ஊட்டினேன்.

காரணம் இதுதான். இரைப்பையில் டோபமின் பிரேக் பிடிக்கிறது என்றேன். டி2 வாங்கியை அடைத்துவிட்டால் பிரேக் விடுபடும், இரைப்பை வேகமாகும், வாந்தியும் அடங்கும். வாந்தி மருந்துகள் பல இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆனால் அவற்றில் சில மூளைக்குள்ளும் நுழைந்து, ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும் டோபமினின் வாசலையும் அங்கே அடைத்துவிடுகின்றன. மெட்டோக்ளோப்ரமைட் அப்படிப்பட்டது. தலைச்சுற்றுக்கும் வாந்திக்கும் எங்கள் நாட்டில் தாராளமாக எழுதப்படும் புரோகுளோர்பெரசினும் அப்படித்தான். தலைச்சுற்றுக்கான சினரிசின், ஃபுளூனரிசின் இரண்டும் சேர்த்தி. இவை நோய் இல்லாதவருக்கும் பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தையும் இறுக்கத்தையும் உண்டாக்கக்கூடும். நிறுத்தினால் பெரும்பாலும் மாறும், ஆனால் மாதக்கணக்கு எடுக்கலாம். மெட்டோக்ளோப்ரமைட்டை நீண்டகாலம் எடுத்தால் வாயும் நாக்கும் தானாக அசையும் நிரந்தரக் கோளாறு வரக்கூடும் என்று அமெரிக்காவில் 2009 இலேயே கடும் எச்சரிக்கை போட்டார்கள். 2013 இல் ஐரோப்பாவில் அதை ஐந்து நாளுக்கு மட்டுப்படுத்தினார்கள்.

டொம்பெரிடோனும் டி2 வாங்கியையே அடைக்கிறது. ஆனால் அது மூளையின் காவல் மதிலை மிகக் குறைவாகவே தாண்டும். வாந்தியைத் தூண்டும் இடம் மூளைத்தண்டில் அந்த மதிலுக்கு வெளியே இருப்பதால் அங்கே மட்டும் போய் வேலை செய்கிறது. ஆகவே பார்க்கின்சன் நோயாளிக்கு வாந்தி வந்தால் வைத்தியர்கள் பெரும்பாலும் அதையே நாடுகிறார்கள். அதற்கும் ஓர் ஆபத்து உண்டு: இருதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குழப்பும். 2014 இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் 10 மில்லிகிராம் நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று வரையறுத்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் அதன் காரணங்களில் ஒன்று. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளுடனும் சில பூஞ்சணக் குளிசைகளுடனும் சேரக்கூடாது. வயிறு ஊதினால் பார்மசியில் ஓர் அட்டை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து நிறுத்தி, ஓர் இசிஜி எடுத்துப் பார்க்கும்படி வைத்தியரைக் கேளுங்கள்.

இன்னொரு பொறி மறைந்து கிடக்கிறது. சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "அண்ணாவின் வாயுத் தொல்லைக்கு நல்லது" என்று அன்போடு ஒரு பெட்டி நிறையக் கப்சூல் தந்தார். அட்டையில் பெரிய எழுத்தில் அமிலம் குறைக்கும் மருந்தின் பெயர். கீழே சிறிய எழுத்தில் லெவோசல்பிரைட். அதுவும் டி2 வாங்கியை அடைப்பதுதான், மூளைக்குள்ளும் போவதுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததால் தப்பினோம். கம்பனிப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை வாசிக்கப் பழகுங்கள். 1971 இல் தொடங்கிய அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தை அதன் மூலப்பெயரால் அறியவேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். எங்கள் வீட்டுக்கு அது உயிர் காக்கும் பாடமாயிற்று. அரச மருந்தகமான ஒசுசலவிலோ வேறு பார்மசியிலோ "இதில் என்ன மருந்து இருக்கிறது, பார்க்கின்சன் நோயாளி எடுக்கலாமா?" என்று கேட்க ஒருபோதும் தயங்காதீர்கள்.

லெவோடோபாவே குமட்டலைக் கொண்டுவந்தால் முதலில் அட்டையில் உள்ள எண்களைப் பாருங்கள். 25/100 என்றால் கார்பிடோபா 25, லெவோடோபா 100 மில்லிகிராம். மூளைக்கு வெளியே லெவோடோபா டோபமினாக மாறாமல் தடுப்பது கார்பிடோபாவின் வேலை. அதற்கு நாளொன்றுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை தேவை. 10/100 வகையை மூன்று வேளை எடுப்பவருக்கு 30 தான் கிடைக்கிறது. 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எங்களுக்கு 25/100 கிடைக்காமல் 10/100 கிடைத்தது. லெவோடோபா அதே அளவுதான் என்று நினைத்துக் கொடுத்தேன், இரண்டாம் நாளே குமட்டல். அட்டை மாறினால் இரண்டு எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து, மாறியிருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பூனைக்காலி விதையைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் லெவோடோபா இருப்பது உண்மை. 1937 இலேயே சென்னையில் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதனால்தான் எச்சரிக்கை தேவை. ஒரு கரண்டித் தூளில் எவ்வளவு இருக்கிறது என்று அளவில்லை, கார்பிடோபாவும் இல்லை. குளிசைக்கு மேல் அதையும் கொடுத்தால் குமட்டலும் உடல் முறுகலும் கூடும். எடுக்க விரும்பினால் நரம்பியல் வைத்தியருக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள்.

போயா, கிளினிக், வைத்தியசாலை

கிளினிக் நாள் பௌர்ணமிப் போயா விடுமுறையில் விழுந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளும். ஒரு வார மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கவேண்டும். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வேறு எந்த நோய்க்காக வைத்தியசாலையில் அனுமதித்தாலும், சத்திரசிகிச்சைக்காக வாயால் ஒன்றும் கொடுக்கவேண்டாம் என்றாலும், குளிசை நேரத்தைத் தாதியிடமும் வைத்தியரிடமும் அப்போதே சொல்லுங்கள். வார்ட்டில் மருந்து வண்டி எட்டு மணிக்கு வரும். இவருக்கு ஆறு மணிக்கு வேண்டும். பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். வாயால் முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகவோ வேறு வகையிலோ கொடுப்பது பற்றி அவர்கள் தீர்மானிப்பார்கள்.

நான் ஓர் அட்டை எழுதி லமினேட் செய்துவைத்திருக்கிறேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும், அடையாள அட்டை அளவில். சிங்களப் பகுதியை என்னோடு படிப்பித்த ஓர் ஆசிரியை எழுதித் தந்தார். அதில் இருப்பது: "எனக்குப் பார்க்கின்சன் நோய். லெவோடோபா 6.00, 10.30, 3.00, 7.30. நேரம் தவறக்கூடாது, நிறுத்தக்கூடாது. மெட்டோக்ளோப்ரமைட், புரோகுளோர்பெரசின், ஹலோபெரிடோல், லெவோசல்பிரைட், சினரிசின் கொடுக்கவேண்டாம். வாந்திக்கு என் நரம்பியல் வைத்தியரைக் கேளுங்கள்." கீழே மகனின் தொலைபேசி எண். ஒன்று இவரின் சட்டைப்பையில், ஒன்று கிளினிக் கொப்பியின் முன்னட்டையில் ஒட்டி, ஒன்று என் கைப்பையில். தொடர்மாடிக் காவலாளியிடமும் ஒன்று கொடுத்துவைத்திருக்கிறேன், நான் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் அம்புலன்ஸ் வந்தால் அவர்தான் முதலில் கதவைத் திறப்பார்.